ஸ்னூக்கர்: மேசையிலிருந்து முதல் பிரேம் வரை, முழுமையான வழிகாட்டி

ஸ்னூக்கருக்குப் பெயர் சூட்டிய நெவில் சேம்பர்லினையும், ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்ட பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினையும் ஒரே ஆள் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருவரும் வேறு வேறு ஆட்கள். நம்முடையவர் ராணுவ அதிகாரி. ஆட்டம் பிறந்ததும் லண்டனில் அல்ல, மத்திய இந்தியாவில்.

1875-ல் மழைக்காலம். ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமென்ட் அதிகாரிகளின் மெஸ்ஸில் பொழுதுபோக்கு பில்லியர்ட்ஸ் மேசைதான். பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடும் பிரமிட்ஸ், ஆளுக்கொரு நிறப் பந்து வைத்துக்கொள்ளும் லைஃப் பூல், அதில் கறுப்பையும் சேர்த்துக்கொண்ட பிளாக் பூல் ஆகிய ஆட்டங்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. இவற்றைக் கலந்து சேம்பர்லின் புதிதாக ஒன்றை ஆடத் தொடங்கினார். நிறப் பந்துகள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வூலிச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ‘ஸ்னூக்கர்’ என்று கிண்டலாக அழைப்பார்கள். நம்ம ஊரில் ‘கத்துக்குட்டி’ என்கிற மாதிரி. எளிய பந்தைத் தவறவிட்ட ஒரு சக அதிகாரியைச் சேம்பர்லின் அப்படி அழைத்தார். அவர் முகம் சுருங்கியதும், இந்த ஆட்டத்தில் நாம் எல்லோரும் ஸ்னூக்கர்கள்தான் என்று சமாதானமும் சொன்னார். பெயர் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஆப்கன் போரில் காயம்பட்ட பிறகு அவர் மதராஸ் ராணுவத் தளபதி பிரெடெரிக் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் சேர்ந்தார். கோடை வந்தால் தளபதியின் ஜாகை ஊட்டிக்கு மாறும். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1882-ல் விதிகள் எழுதப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டன. உலகம் முழுக்க ஆடப்படும் ஒரு விளையாட்டின் முதல் விதிப்பலகை நீலகிரியில் தொங்கியது என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாத சேதி. 1885-ல் இந்தியா வந்த இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து, ஆட்டத்தைக் கேட்டறிந்து ஊருக்குக் கொண்டுபோனார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1927-ல் முதல் தொழில்முறை உலகப் போட்டி நடந்தது. வென்றவர் ஜோ டேவிஸ். 1946 வரை பதினைந்து முறை பட்டம் வென்று, அந்தப் போட்டியில் தோற்காமலே விலகினார். 1969-ல் பிபிசி தன் வண்ண ஒளிபரப்பைக் காட்ட ஏற்ற நிகழ்ச்சி ஒன்றைத் தேடியபோது, நிறப் பந்துகளால் நடக்கும் இந்த ஆட்டம் கச்சிதமாக மாட்டியது. 1977 முதல் உலகப் போட்டி ஷெஃபீல்டு நகரின் க்ரூசிபிள் அரங்கில் நடக்கிறது. 1985 இறுதிப் போட்டியில் டென்னிஸ் டெய்லர் கடைசி பிரேமின், அதாவது கடைசிச் சுற்றின், கடைசிக் கறுப்பில் ஸ்டீவ் டேவிஸை 18–17 என்று வென்றதை பிரிட்டனில் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பேர் நள்ளிரவு தாண்டியும் பார்த்தார்கள். இந்தியாவில் ஓம் அகர்வால் 1984-ல் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். 2003-ல் பங்கஜ் அத்வானி அதே பட்டத்தை வென்றார்.

மேசை

கேரம் போர்டைக் குறைந்த வெளிச்சத்தில் தரையில் போட்டுக்கூட ஆடிவிடலாம். ஸ்னூக்கரில் அது நடக்காது. புதிதாக வருபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும் தவறுகளில் ஒரு பங்கு மேசையுடையது, இன்னொரு பங்கு டிப்புடையது, அதாவது அடிக்கும் கோலான கியூவின் தோல் நுனியுடையது. அதனால் முதலில் சாமான்களைத் தெரிந்துகொள்வோம்.

முழு அளவு மேசையை ‘12 அடிக்கு 6 அடி’ என்பார்கள். குஷனின், அதாவது மேசையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பின், முகத்திலிருந்து முகம் வரை அளந்தால் ஆடும் பரப்பு 3569 மி.மீ. நீளம், 1778 மி.மீ. அகலம், அதாவது 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். தரையிலிருந்து குஷன் மேல்விளிம்பு வரை உயரம் 851 முதல் 876 மி.மீ. துணிக்கு அடியில் இருப்பது மரப்பலகை அல்ல, ஸ்லேட் கல். ஐந்து பலகைகளாக, ஏறத்தாழ 45 மி.மீ. தடிமனில் வரும். மேசை மொத்தமாக ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். மாடி அறையில் போட நினைப்பவர் முதலில் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறையின் அளவில்தான் வீட்டுக்கு வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். மேசை நுழைந்தால் போதாது; குஷனை ஒட்டி நிற்கும் வெள்ளையை, அதாவது கியூவால் நேரடியாக அடிக்கும் ஒரே பந்தை, அடிக்கக் கியூவைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 58 அங்குல கியூவுக்கு ஒவ்வொரு பக்கமும் 5 அடி விட்டால் அறை 22 அடிக்கு 16 அடி இருக்க வேண்டும். அறைக்குள் தூண் இருந்தால் அந்த மூலையில் ஆட்டமே மாறிவிடும். இடம் இல்லையென்றால் சின்ன மேசையே நல்லது. அதற்குச் சின்னப் பந்து வாங்க வேண்டும். முழு அளவுப் பந்தைச் சின்ன மேசையின் பாக்கெட் விழுங்காது.

புள்ளிகளும் கோடுகளும் அழிந்துபோன மேசையில் இந்த அளவுகளை வைத்து மீண்டும் குறியுங்கள். கீழ்க்குஷன் (ஆட்டம் தொடங்கும் முனையிலுள்ள குறுகிய குஷன்; எதிர்முனையில் இருப்பது மேல்குஷன்) முகத்திலிருந்து 737 மி.மீ. (29 அங்குலம்) தள்ளி, குஷனுக்கு இணையாக பால்க் கோடு. அதன் நடுப்புள்ளி பிரவுனின் இடம். அதே புள்ளியை மையமாக வைத்து 292 மி.மீ. ஆரத்தில், கீழ்க்குஷனை நோக்கிய அரைவட்டம் ‘டி’. பால்க் பக்கம் நின்று மேசையைப் பார்க்கும்போது அரைவட்டம் கோட்டைத் தொடும் இரு முனைகளில் வலது மஞ்சளுக்கு, இடது பச்சைக்கு. மேசையின் மையத்தில் நீலம். மையத்துக்கும் மேல்குஷனுக்கும் சரிபாதியில் பிங்க். மேல்குஷனிலிருந்து 324 மி.மீ. (12¾ அங்குலம்) தள்ளி கறுப்பு. சின்ன மேசையாக இருந்தால் விகிதத்தில் போடலாம்: பால்க் கோடு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ‘டி’யின் ஆரம் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, கறுப்பு நீளத்தில் பதினொன்றில் ஒரு பங்கு.

மட்டம் சரியா என்று பார்க்க இரச மட்டம் மட்டும் போதாது. வெள்ளையை மிக மெதுவாக நான்கு திசைகளிலும் உருட்டிப் பாருங்கள். நிற்கப்போகும் கடைசி அரை அடியில் ஒரே பக்கம் வளைந்தால் அங்கே சாய்வு உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் துணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் துணியும் பந்தை வளைக்கும்.

துணியின் சாய்வு

ஸ்னூக்கர் துணி கம்பளி. அதன் மெல்லிய மயிரிழைகள் ஒரே பக்கம் படிந்திருக்கும். இதை நாப் என்பார்கள். திசை பால்க்கிலிருந்து கறுப்பை நோக்கி. உள்ளங்கையால் அந்தத் திசையில் தடவினால் பட்டுப்போல் போகும். எதிர்த்திசையில் தடவினால் கை பிடிக்கும், பூனை முதுகைத் தலைகீழாகத் தடவியதுபோல. மெதுவாகக் குறுக்கே உருளும் பந்து நாப் படிந்த திசையில், அதாவது கறுப்பின் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கும். நடுப் பாக்கெட்டுக்கு நிதானமாக அனுப்பிய பந்து விளிம்பில் பட்டுத் தெறிப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். கொஞ்சம் உறுதியாக அடித்தால் துணிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது.

பராமரிப்பு மூன்று வேலை. ஆட்டம் முடிந்ததும் பிரஷ்ஷால் பால்க் முனையிலிருந்து கறுப்பு முனை வரை நேர்கோட்டில் தள்ள வேண்டும். குஷனுக்கு அடியில் தேங்கும் தூசியையும் எடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்ப்பதும் திரும்பி வரும்போது எதிராக இழுப்பதும் நாப்பைக் கலைக்கும். பிறகு துணி சுற்றிய கட்டையால் அதே திசையில் ஒரு முறை இழுத்தால் மீதித் தூசி ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, ஸ்னூக்கர் மேசைக்கென்றே வரும் கனமான இஸ்திரிப் பெட்டி. சூட்டை முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பாருங்கள். காகிதம் நிறம் மாறினால் துணியும் கருகும். பெட்டியை எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும், குஷன் ரப்பரைத் தொடக் கூடாது. தண்ணீர் தெளிப்பது, நீராவிப் பெட்டி இரண்டும் ஆகாது.

கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றை உறிஞ்சிய துணியில் பந்து சேற்றில் ஓடுவதுபோல ஓடும். தொழில்முறைப் போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் சூடேற்றி வைப்பது இதற்காகத்தான். அந்த வசதி இல்லாத கிளப்பில் செய்யக்கூடியது, ஆடாத நேரத்தில் மேசையை மூடி வைப்பதும் ஆட்டத்துக்கு முன் இஸ்திரி போடுவதும். இன்னொன்றும் உண்டு. கேரம் பழக்கத்தில் கையில் பவுடர் பூசிக்கொண்டு வருபவர்களால் துணியில் வெள்ளைத் திட்டுகள் விழும், பந்திலும் ஏறும். கை வியர்த்தால் துண்டால் துடையுங்கள்.

பந்துகள்

ஒரு காலத்தில் யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். இன்று பினாலிக் ரெசின். பெல்ஜியத்தில் தயாராகும் ஆரமித் பந்துகளே பெரும்பாலும் எங்கும். விட்டம் 52.5 மி.மீ., கூடுதல் குறைவு 0.05 மி.மீ.க்குள். எடைக்குத் தனிக் கணக்கு இல்லை. ஒரே செட்டில் மிகக் கனமானதற்கும் மிக லேசானதற்கும் வித்தியாசம் 3 கிராமுக்குள் இருக்க வேண்டும். இது வெறும் சடங்கல்ல. இரண்டு பந்தும் சம எடை என்பதால்தான் சுழற்சியில்லாமல் நேராக மோதிய வெள்ளை அப்படியே நின்றுபோகிறது. தொலைந்த பந்துக்கு வேறு செட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்ட கிளப்புகளில் இந்தக் கணக்கு பிசகும். வெள்ளை லேசானால் பின்னுக்குத் திரும்பும், கனத்தால் முன்னே ஊரும்.

சில சமயம் பந்தும் பந்தும் மோதும்போது ‘டக்’ என்று மந்தமான சத்தம் கேட்டு, இலக்குப் பந்து துள்ளி வேறு பக்கம் போகும். இதற்குப் பெயர் கிக். மோதும் இடத்தில் ஒட்டியிருந்த, கியூ நுனியில் பூசும் சாக்கின் (chalk) துகள்தான் வழக்கமான காரணம். பந்துகளை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் பாதித் தொல்லை தீரும்.

கியூவும் டிப்பும்

கியூவின் தண்டு ஆஷ் அல்லது மேப்பிள் மரம். ஆஷில் அம்பு முனைபோல ரேகைகள் தெரியும், அதை வைத்துக் கியூவை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகப் பிடிக்கலாம். மேப்பிள் வழவழப்பாக இருக்கும். பிடிப்பகுதி பெரும்பாலும் கருங்காலி. விதிப்படி 3 அடிக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் 57, 58 அங்குலம். எடை 17 முதல் 19 அவுன்ஸ், ஏறத்தாழ 480 முதல் 540 கிராம். நீளத்தைத் தேர்வு செய்ய, கியூவை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நுனி தோளுக்கும் தாடைக்கும் நடுவில் வந்தால் சரி. வளைவு இருக்கிறதா என்று மேசையில் உருட்டிப் பார்ப்பதைவிட, பிடியைக் கண்ணருகில் வைத்து நுனி வரை நோக்கி மெல்லச் சுழற்றுவது நம்பகமானது. கியூவைச் சுவரில் சாய்த்து வைத்தாலும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் வளையும்.

விலையைப் பற்றி ஒரு கருத்து. ஆரம்பத்தில் கியூவுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். சுமாரான கியூவாக இருந்தாலும் அது உங்களுடையதாக, எப்போதும் அதே ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். கிளப் ரேக்கிலிருந்து நாளுக்கு ஒன்றை எடுத்து ஆடுபவருக்குக் கை பழகவே பழகாது.

டிப் என்பது நுனியில் ஒட்டும் 9 முதல் 10 மி.மீ. தோல். வெள்ளையை உண்மையில் தொடுவது இது ஒன்றுதான். இதன் மேற்பரப்பு குவிந்து, சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பளபளத்துத் தட்டையாகிவிட்டால் சாக்கு ஒட்டாது, கியூ வழுக்கிவிடும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இதற்கு உதவாது. கியூ சாக்கில் இருப்பது உராய்வு தரும் கடினத் துகள். பூசும்போது துளைப்பதுபோலச் சுற்றாமல், மேலும் கீழும் வருடுவதுபோலப் பூசி, ஓரம் வரை படிந்ததா என்று பாருங்கள்.

டிப் மாற்றுவது கடினமான வேலையில்லை, அவசரம்தான் கெடுக்கும்.

1. பழைய டிப்பைக் கூரிய பிளேடால் சீவி எடுங்கள். பித்தளை வளையத்தை, அதாவது ஃபெரூலை, கீறக் கூடாது.
2. ஃபெரூலின் மேல்முகத்தில் பழைய பசை துளியும் இல்லாமல், தட்டையான இடத்தில் விரித்த மெல்லிய உப்புத்தாளில் செங்குத்தாக வைத்துத் தேயுங்கள். இங்கே மேடு விட்டால் டிப் ஒரு பக்கம் தூக்கும்.
3. புது டிப்பின் அடிப்பக்கத்தையும் உப்புத்தாளில் லேசாக உரசிச் சொரசொரப்பாக்குங்கள்.
4. ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு. நடுவில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். அதிகப் பசை தோலில் ஊறினால் டிப் கல்லாகிவிடும்.
5. ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரவு ஒட்டிக் காலையில் ஆடுவது இன்னும் நல்லது.
6. கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பிதுங்கிய ஓரத்தைக் கத்தியால் கீழ்நோக்கிச் சீவுங்கள். பிறகு பக்கவாட்டை உப்புத்தாளால் ஃபெரூலோடு சமமாக்கி, மேலே அரத்தால் தேய்த்துக் குவிந்த வடிவாக்குங்கள்.

ஆடும்போது ‘களக்’ என்ற சத்தம் வந்தால் ஒட்டில் இடைவெளி இருக்கிறது. கழற்றி மறுபடி ஒட்டுங்கள், வேறு வழியில்லை.

கைக்கு எட்டாத பந்துக்கு ரெஸ்ட், அதாவது கியூவைத் தாங்கும் கோல். தலை எக்ஸ் வடிவில் இருப்பது சாதாரண ரெஸ்ட். வெள்ளைக்கு முன்னால் வேறு பந்து மறித்தால் உயரமான ஸ்பைடர். அதற்கும் மேலே நீட்டிக்கொண்டிருப்பது வாத்துக் கழுத்து. ரெஸ்ட்டில் ஆடும்போது தண்டை மறு கையால் துணியோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் அது அசையும். அடித்த பிறகு ரெஸ்ட்டை எடுக்கும் அவசரத்தில் வேறு பந்தைத் தொட்டாலும் பவுல், அதாவது விதிமீறல்.

அடுக்குவதும் எண்ணுவதும்

பதினைந்து சிவப்புகளையும் முக்கோணச் சட்டத்துக்குள் இறுக்கி, உச்சிச் சிவப்பு பிங்கை ஒட்டி, ஆனால் தொடாமல் வையுங்கள். இடைவெளி விட்டு அடுக்கினால் பிரேமின் முதல் அடியே வேறு மாதிரிப் போகும்.

ஒரு சிவப்பு, ஒரு நிறம், மறுபடி சிவப்பு, மறுபடி நிறம்: இதுதான் வரிசை. சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. விழுந்த சிவப்பு வெளியே. விழுந்த நிறம் தன் புள்ளிக்குத் திரும்பும். சிவப்பெல்லாம் தீர்ந்து, கடைசிச் சிவப்புக்கான நிறத்தையும் ஆடிய பிறகு, மஞ்சள் முதல் கறுப்பு வரை மதிப்பு வரிசையில் ஒவ்வொன்றாக வெளியேறும். ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே எடுத்தால் 15 × 8 = 120, கடைசி ஆறு நிறங்கள் 27, ஆக 147. ஜோ டேவிஸ் 1955-ல் அடித்ததே அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147; உலகப் போட்டியில் முதலில் அடித்தவர் 1983-ல் கிளிஃப் தோர்பர்ன்.

திரும்பும் நிறத்தின் புள்ளியில் வேறு பந்து நின்றால், காலியாக இருக்கும் புள்ளிகளில் அதிக மதிப்புடையதில் வைக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் அடைபட்டிருந்தால் தன் புள்ளிக்கு மிக அருகில், அதற்கும் மேல்குஷனுக்கும் இடையே நேர்கோட்டில். கிளப் ஆட்டங்களில் சண்டை வருவது இங்கேதான்.

மிச்சக் கணக்கை எப்போதும் மனதில் ஓட்டுங்கள்: மிச்சச் சிவப்பு × 8 + 27. நான்கு சிவப்பு இருந்தால் 59. நீங்கள் 30 பின்தங்கி, நிறங்கள் மட்டும் மிச்சம் என்றால் மேசையில் 27தான் இருக்கிறது. எதிராளியிடமிருந்து ஒரு பவுலாவது வாங்க வேண்டும். அதற்குத்தான் ஸ்னூக்கர் வைப்பது, அதாவது அவர் ஆட வேண்டிய பந்தை வேறு பந்தால் மறிப்பது. கறுப்பு மட்டும் மிஞ்சிய நிலையில் அதைப் பாக்கெட்டில் போட்டாலும் பவுல் செய்தாலும் பிரேம் முடிந்தது. எண்ணிக்கை சமமானால் கறுப்பைத் திரும்பப் புள்ளியில் வைத்து, சீட்டுப் போட்டு முதல் அடியைத் தீர்மானிப்பார்கள்.

பவுல், ஸ்னூக்கர், ஃப்ரீ பால்

பவுலுக்குக் குறைந்தது 4. சம்பந்தப்பட்ட பந்து நீலம், பிங்க், கறுப்பாக இருந்தால் 5, 6, 7. அந்தப் புள்ளிகள் எதிராளிக்குப் போகும், உங்களுக்குக் கழியாது. வெள்ளை விழுவது, ஆட வேண்டிய பந்தை முதலில் தொடாதது, எதையுமே தொடாதது, சட்டைக் கை பந்தில் படுவது, ஒரு காலாவது தரையில் இல்லாமல் அடிப்பது, பந்து மேசைக்கு வெளியே போவது எல்லாம் பவுல்.

ஆட வேண்டிய பந்தின் இரு ஓரங்களையும் நேராகத் தொட முடியாதபடி வேறு பந்து மறித்தால் நீங்கள் ஸ்னூக்கரில் இருக்கிறீர்கள். எதிராளியின் பவுலுக்குப் பிறகு இந்த நிலை வந்தால் உங்களுக்கு ஃப்ரீ பால்: வேறு எந்தப் பந்தையும் சொல்லிவிட்டு, அதை ஆட வேண்டிய பந்தாகவே நினைத்து ஆடலாம். சிவப்புக்குப் பதிலாகக் கறுப்பைச் சொல்லிப் போட்டால் அதற்கு 1தான் கிடைக்கும், 7 அல்ல. ஆனால் அடுத்து ஒரு நிறம் எடுக்கும் உரிமை உண்டு.

வெள்ளை வேறு பந்தை ஒட்டி நின்றால் அதை அசைக்காமல் விலகி அடிக்க வேண்டும். ஒட்டி நிற்பது ஆட வேண்டிய பந்தே என்றால் தொட்டதாகவே கணக்கு.

‘மிஸ்’ விதி தனிக்கதை. ஸ்னூக்கரிலிருந்து வெளியே வர ஆடியவர் போதுமான முயற்சி செய்யவில்லை என்று நடுவர் கருதினால், பந்துகளைப் பழையபடி வைத்து மறுபடி ஆடச் சொல்ல எதிராளிக்கு உரிமை உண்டு. நடுவர் இல்லாத கிளப் ஆட்டத்தில் இதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முதல் அடிக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நிற்பதும் அடிப்பதும்

வலது கைக்காரரை வைத்துச் சொல்கிறோம். இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். மேசையிலிருந்து ஓரடி பின்னால் நின்று, வெள்ளை, இலக்குப் பந்து, பாக்கெட் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அடிக்கும் கோடு கண்ணில் பட்டதும் அந்தக் கோட்டின் மேல் வலது காலை வையுங்கள். இடது காலைத் தோளகலத்துக்கு விலக்கி, சற்று முன்னே வைத்து முழங்காலை மடக்குங்கள். பிறகு நேராகக் கீழே இறங்குங்கள். குனிந்த பிறகு பக்கவாட்டில் நகர்ந்து சரிசெய்வதுதான் புதியவர்களின் முதல் கெட்ட பழக்கம். கோடு தப்பென்று தோன்றினால் எழுந்து மறுபடி இறங்குங்கள்.

இடது கையை வெள்ளைக்கு 25 முதல் 30 செ.மீ. பின்னால், உங்கள் பக்கமாக ஊன்றி, விரல்களை விரித்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு நிமிர்த்தி ஒரு பள்ளம் உண்டாக்குங்கள். விரல் நுனிகள் துணியைப் பிடிக்க வேண்டும். கியூ தாடையைத் தொட வேண்டும், மார்பையும் உரச வேண்டும். பிடிக்கும் கை இறுகக் கூடாது. வெள்ளையைத் தொடும் கணத்தில் வலது முன்கை தரைக்குச் செங்குத்தாக இருந்தால் பிடித்த இடம் சரி.

இரண்டு மூன்று முறை மெல்ல ஓட்டிப் பார்த்து, வெள்ளைக்கு அருகில் நிறுத்துங்கள். நிதானமாகப் பின்னிழுங்கள், ஒரு கணம் நில்லுங்கள், பிறகு நேராக ஊடுருவி அடியுங்கள். கடைசிப் பார்வை இலக்குப் பந்தின் மேல். அடித்த பிறகும் தலை எழக் கூடாது. பந்து விழுந்ததா என்று பார்க்கும் ஆவலில் தலை தூக்கினால் தோள் திரும்பும், கியூ விலகும்.

குறி வைக்க ஒரு வழி: இலக்குப் பந்துக்குப் பின்னால், பாக்கெட்டுக்கு நேர் எதிரே ஒட்டிக்கொண்டு இன்னொரு வெள்ளை நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். உங்கள் வெள்ளை போய் நிற்க வேண்டிய இடம் அது. வெள்ளையின் மையத்தை இலக்குப் பந்தின் ஓரத்துக்குக் குறி வைத்தால் அரைப் பந்து மோதல்; இலக்குப் பந்து 30 டிகிரி விலகும். முக்கால் பந்துக்கு சுமார் 14½ டிகிரி, கால் பந்துக்கு சுமார் 48½. இந்த மூன்றைக் கண்ணுக்குப் பழக்கினால் மற்றவை இடையில் தானாக வரும்.

வெள்ளையை எங்கே நிறுத்துவது என்பது டிப் தொடும் உயரத்தில் இருக்கிறது. மையத்துக்கு மேல் தொட்டால் வெள்ளை தொடர்ந்து ஓடும். மையத்தில், அல்லது தூரம் இருந்தால் சற்றுக் கீழே தொட்டால், மோதும்போது சுழற்சி இருக்காது, அது ஸ்டன். நேர் மோதலில் வெள்ளை நிற்கும், கோணத்தில் இலக்குப் பந்தின் பாதைக்கு 90 டிகிரியில் விலகும். நன்றாகக் கீழே தொட்டால் பின்னுக்கு வரும், அது ஸ்க்ரூ. ஸ்க்ரூ வரவில்லையென்றால் பலம் போதவில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் கியூவின் பின்பகுதி உயர்ந்திருக்கும், அல்லது பிடி இறுகி, வெள்ளையைத் தொடும் முன்பே கை தயங்கியிருக்கும். ஊன்றிய கையைத் தாழ்த்தி, கியூவை முடிந்தவரை கிடையாக வைத்து, வெள்ளையைத் தாண்டியும் கியூ போகட்டும்.

பக்கவாட்டில் தொடும் சைடைக் குறைந்தது இரண்டு மாதத்துக்குத் தொடாதீர்கள். வலப்பக்கம் தொட்டால் வெள்ளை முதலில் இடப்பக்கம் தள்ளப்படும். நாப் திசையில் போனால் பிறகு வலப்பக்கம் திரும்பும், நாப்புக்கு எதிரே போனால் அப்படித் திரும்பாது. குறி தப்பியது எதனால் என்றே தெரியாமல் போகும்.

விதிவிலக்கு ஆரம்ப அடி. வெள்ளையைப் பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்து, அடுக்கின் வலதுகோடிச் சிவப்பில் கால் பந்து அளவுக்கு மெல்லியதாக, வலது சைடோடு அடியுங்கள். வெள்ளை மேல்குஷன், வலது குஷன் என்று பட்டு, மேசையைக் குறுக்கே கடந்து இடது குஷனைத் தொட்டு, பச்சைக்குப் பின்னால் வந்து நிற்கும். தடித்துப் பட்டால் அடுக்கு சிதறி எதிராளிக்கு விருந்தாகும். சைடு குறைந்தால் வரும் வழியில் வெள்ளை நீலத்தில் மோதும்.

பயிற்சிக்கு முதலில் மற்ற பந்துகளையெல்லாம் எடுத்துவிடுங்கள். வெள்ளையைப் பிரவுன் புள்ளியில் வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக மேல்குஷனுக்கு அடியுங்கள். அடித்த நிலையிலேயே கியூவை அசைக்காமல் வைத்திருங்கள். திரும்பி வரும் வெள்ளை டிப்பிலேயே வந்து முட்ட வேண்டும். எப்போதும் இடப்பக்கமே ஒதுங்கி வந்தால் நீங்கள் அறியாமல் இடது சைடு கொடுக்கிறீர்கள். டிப் மையத்தில்தான் தொடுகிறதா என்று ஒரு நண்பரை எதிரே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு முறை நேராக வரும்வரை பாக்கெட் பக்கம் போக வேண்டாம். பிறகு நீலத்தைத் தன் புள்ளியில் வைத்து, வெள்ளையை மேல் மூலைப் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில் அதன் பின்னால் இரண்டடி தள்ளி வைத்து, ஸ்டன்னில் வெள்ளை நிற்கும்படி போடுங்கள். அது கைக்கு வந்ததும் தூரத்தை மூன்றடியாக்குங்கள்.